எங்க ஓதீல்

...இல்லை, அப்படி ஒருத்தி இங்கே இருக்கவே முடியாது, அந்தப் பெயரை எங்கிருந்து பிடித்தோம் என்றுகூட மிரேய்க்கு நினைவில்லை, வாயில் வந்தது, சொல்லிவிட்டாள், ஓதீல்... வெறும் ஓதீல் என்று சொல்லியிருந்தாலாவது தப்பித்திருக்கலாம், 'எங்க ஓதீல்' என்றல்லவா சொன்னாள், கூடப் பிறந்தவளைச் சொல்வதுபோல. ஆர்துவால் கவுன் கடையின் மாடிக் கண்காட்சியில், எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் தையல்காரர் விரலில் மாட்டும் ஒரு சின்ன உறை, அதற்கென்று தனி விளக்கு, தனிக் காவலர், அவர் காதில் சுருள் கம்பி. கடையைத் தொடங்கிய ஆர்துவால் பெருமகனார் தம் முதல் கவுனைத் தைத்தபோது அணிந்தது என்று எழுதியிருந்தது. கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது, புனிதர்களின் எலும்புக்குக்கூடப் பாரிஸில் இப்போதெல்லாம் இந்த மரியாதை கிடையாது. அவள் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் எத்வீஜ் அம்மாள் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலிச்சிருக்கும், இல்ல சம்பந்தி?" என்றாள். மிரேய் சலித்தவள்போலச் சிரித்து வைத்தாள். இந்தச் சிரிப்புக்கும் சேர்த்து இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே கடையில் பதில் சொல்ல வேண்டிவரும்...

எல்லாம் அந்தப் பாலாடைக்கட்டியால் வந்த வினை. சம்பந்தி வீட்டில் முதல் விருந்து, தட்டு முதலில் அவளிடம் வந்தது, முக்கோணமாக ஒரு ப்ரீ கட்டி, கண்ணெதிரே அதன் கூர்முனை... ஓரத்திலிருந்து நீளவாக்கில் வெட்ட வேண்டும், முனையில்தான் ருசி, அதை ஒருவரே அள்ளிக்கொள்ளக் கூடாது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை, பயத்தில் குறுக்கே ஒரே வெட்டு. மேசையில் பேச்சு நின்றது. எத்வீஜின் கணவர் கட்டியை எட்டிப் பார்த்து, "மூக்கு போனா என்ன, முகம் மிச்சமிருக்கே" என்றார். மகன் பாஸ்தியன் தலையைத் தூக்கவில்லை. ஓர்லியானில் மருந்துக்கடை வைத்திருக்கிறவளுக்கு வேறென்ன தெரியும் என்று அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம்கூடச் சொன்னமாதிரி இருந்தது, அந்த அமைதியை எதையாவது போட்டு மூட வேண்டும், அகப்பட்டது ஓதீல். ஆர்துவால் கடையில் எனக்கு எல்லாம் எங்க ஓதீல்தான் பார்த்துக் கொடுப்பாள்... மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. எத்வீஜ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள், "அடடே, அப்ப எங்க கிளெமான்ஸோட கல்யாண கவுனுக்கு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." சொன்னால் போயிற்று என்றாள் மிரேய். அந்தக் கடையின் உள்பக்கத்தை அவள் இதுவரை பார்த்ததே தெருவில் நின்றுதான், அந்த வார்த்தைதான் இன்று இங்கே இழுத்து வந்திருக்கிறது.

அடுத்த அறையில் பெருமகனார் யோசிக்கும்போது கடித்த பென்சில்கள், பல்தடங்களோடு, 'தேடலின் தடயங்கள்' என்ற தலைப்பில்... மனிதருக்குப் பசித்திருக்கலாம், யாருக்குத் தெரியும். பென்சில்களைத் தாண்டினால் கவுன்கள், கவுன்களைத் தாண்டினால் படிக்கட்டு, படிக்கட்டு எங்கே இறங்குகிறது? தலைவலி என்று சொல்லலாம். சொன்னாள். "ஓதீல் உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி தரமாட்டாங்களா என்ன, வாங்க" என்று எத்வீஜ் கையைக் கோத்துக்கொண்டாள். எத்வீஜ் ஒரு கவுனுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்ட நேரம் பார்த்து மிரேய் காவலரிடம் நழுவினாள். வெளியே போக வழி எது? "கடை வழியாத்தான், மதாம்." உடம்பு சரியில்லாதவர்கள்? "அவங்களும் கடை வழியாத்தான்." அவர் இரங்கிப்போய்க் குரலைத் தாழ்த்தினார், "நான்கூட வீட்டுக்குப் போறப்ப கடை வழியாத்தான் போறேன்." சொல்லிவிட்டால் என்ன, இங்கேயே, இந்தப் பாதி தைத்த கவுன்களுக்கு நடுவே, சம்பந்தி, ஓதீல் என்று யாரும் இல்லை, நான் பயந்துபோய்ச் சொன்னது... சொல்லலாம், அப்புறம் கல்யாணத்தில், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தில், ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் அந்த வீட்டு மேசையில் கட்டியின் மூக்கோடு ஓதீலையும் பரிமாறுவார்கள், பாஸ்தியன் ஒவ்வொரு முறையும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்...

கடை அறையில் விற்கிற பொருள் என்று எதுவும் கண்ணில் படவில்லை, எங்கோ மூலையில் ஒரே ஒரு கையுறை. பழகியவர்கள் இங்கே எதையும் தேட மாட்டார்கள், விலை கேட்க மாட்டார்கள், உட்காருவார்கள், வேண்டியது தானாக வரும். கறுப்பு உடையில் ஒருத்தி முன்னால் வந்தாள், வயது சொல்ல முடியாத முகம். "வணக்கம். மதாமை வழக்கமா யார் கவனிச்சுக்கிறாங்க?" மிரேய் வாயைத் திறப்பதற்குள், "ஓதீல்! சம்பந்திக்கு எப்பவும் ஓதீல்தான்" என்று எத்வீஜ் அறை முழுக்கக் கேட்கச் சொன்னாள். கறுப்பு உடைக்காரி மிரேயின் காலணியைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தை, கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். இதோ, இப்போது... "ஓதீல் இன்னைக்கு வரலை, மதாம். அவங்களோட வாடிக்கையாளர்களை நான்தான் பார்த்துக்கிறேன். உட்காருங்க."

உட்கார்ந்தாள். அப்படியானால் ஓதீல் உண்டா? நிஜமாகவே ஒருத்தி, எங்கோ காய்ச்சலில் படுத்துக்கொண்டு... அல்லது இல்லாத ஓதீலுக்கு லீவு கொடுத்து இவர்களுக்குப் பழக்கமா, எத்தனை பெண்கள் எத்தனை ஓதீல்களோடு அந்தப் படியிறங்கி வந்திருப்பார்கள், அந்த முகம் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொன்னதே. "எவ்வளவு மரியாதை பாருங்க உங்களுக்கு!" என்று எத்வீஜ் அவள் முழங்கையைக் கிள்ளினாள். கறுப்பு உடைக்காரி குனிந்து, மிக மெதுவாக, "மதாமுக்கு வழக்கமானதையே கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றாள்.

"வழக்கமானதே" என்றது மிரேயின் குரல்.

திரை அசைந்தது. யாரோ இரண்டு கையிலும் எதையோ ஏந்தி வந்தார்கள், மேலே வெள்ளைத் துணி, கம்பளத்தில் காலடி கேட்கவில்லை. தேநீரா, கவுனா... பார்த்ததும் தெரிந்த முகம் காட்ட வேண்டும், வியக்கக் கூடாது, கூடாது, ஆனால் பிடித்ததைப் பார்க்கிற முகமா, சலித்ததைப் பார்க்கிற முகமா, எந்த முகம்... கறுப்பு உடைக்காரி துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, தூக்காமல், மிரேயையே பார்த்துக் காத்திருந்தாள்.