லிங்யோ தீவின் அரைக்கம்பக் கொடிகள்

பென்ஷன் வந்ததும் ஹோல்கரும் அவர் மனைவி போடிலும் செய்த முதல் காரியம், கார் சாவியை மகளிடம் கொடுத்ததுதான். இனி ரயிலிலும் கப்பலிலும் ஏறி டென்மார்க் முழுவதையும் பார்த்துவிடுவது என்று போடில் முடிவு கட்டிவிட்டாள். உள்ளங்கை அகல நாடு. வருஷம் தவறாமல் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போனவர்களுக்குச் சொந்த நாட்டுத் தீவுகளில் பாதியின் பெயர்கூடத் தெரியவில்லை என்பது அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

வடக்கே ஸ்காகன் முனையில் ஆரம்பித்தார்கள். இரண்டு கடல்கள் முட்டிக்கொள்ளும் மணலில் கால் நனைத்தார்கள். ரயில் ஜன்னலோரம் காபிக் குடுவையைத் திறந்து, கம்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஊர் ஊராய் இறங்கி ஏறினார்கள். சாம்ஸோவில் உருளைக்கிழங்கு வயல், ஆரூஸில் மழை, ஓடென்ஸில் மூட்டைப்பூச்சி கடித்த ஒரு ஓட்டல். எல்லாவற்றுக்கும் ஹோல்கர் சிறுபிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். வரைபடத்தில் லிங்யோ வரும் இடத்தில் மட்டும் அவர் விரல் தாவிப் போய்விடும். அவர் பிறந்த தீவு அது.

கடைசியில் போடில் அவரைக் கேட்காமலே கப்பல் சீட்டு வாங்கிவிட்டாள்.

"ஊரெல்லாம் சுத்திட்டு உங்க அண்ணன் வாசல மட்டும் தாண்டிப் போனா அது என்ன சுற்றுலா? அதுக்குப் பேரு ஓடி ஒளியறது."

"அவன் கதவத் திறக்க மாட்டான்."

"மூடட்டும். மூடின கதவையாவது பாத்துட்டு வருவோம்."

அண்ணன் வெர்னரோடு பேச்சு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவை அடக்கம் செய்த நாளில் ஹோல்கர் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அடுத்த கப்பலில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. துறையில் நின்ற வெர்னர், "கப்பல விட்டுட்டேன்னு சொல்லாத. இனிமே இங்க உனக்கு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். போன இலையுதிர் காலத்தில் வெர்னருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்ததாக மகள் சொன்னாள். ஹோல்கர் போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். வீம்பு என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் பயம்தான்.

அன்று காலை ஸ்வென்ட்போர்க் வரை ரயிலுக்கு வெளியே ஒரே மூடுபனி. கப்பல் பாதி தூரம் போனபிறகுதான் வெயில் எட்டிப் பார்த்தது. தீவு தெரிந்தது. தேவாலயம், ஓட்டு வீடுகள், வீட்டுக்கு வீடு கொடிக்கம்பம். அந்த நாட்டில் கொடிக்குப் பேசத் தெரியும். பிறந்தநாள் என்றால் உச்சியில் பறக்கும். ஊரில் சாவு என்றால் பாதியில் நிற்கும். அடக்கம் முடிந்ததும் உச்சிக்கு ஏறிவிடும்.

லிங்யோவில் எல்லாக் கொடிகளும் பாதியில் நின்றன.

ஹோல்கர் கப்பலோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "போடில், அண்ணன் போயிட்டான்."

"யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே அவளும் பார்த்தாள். அவள் முகமும் மாறிவிட்டது. "தீவு பூரா கிழடுங்கதானே, வேற யாராவது இருக்கும். இரு, கப்பல்காரன்கிட்ட கேட்டுட்டு வர்றேன்."

"கேக்காத!" அவள் சட்டைக்கையை இறுக்கிப் பிடித்தார். "கேக்கற வரைக்கும் அவன் உயிரோட இருக்கான்."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஹோல்கருக்கு உடம்பே ஆடியது. அந்தப் பெரிய மனிதர், பேருந்து ஓட்டி ஓய்ந்தவர், மூக்கு ஒழுக அழுதார். அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நெஞ்சில் குத்திக்கொண்டார். போடில் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

கப்பல் துறையைத் தொட்டபோது நண்பகல். கப்பல்காரர் உடனே தடுப்பைத் திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றார். துறையில் இருந்த நாலைந்து பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு கரையில் ஒவ்வொரு வீட்டிலும் கயிறு இழுபட, கொடிகள் உச்சிக்கு ஏறின.

"முடிஞ்சுது," என்றார் ஹோல்கர். "மறுபடியும் லேட்டு."

இறங்கி, தேவாலயத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார். போடில் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அண்ணன் வீடு வழியிலேயே இருந்தது. அங்கே கொடிக்கம்பத்தடியில் ஒருவர் குனிந்து கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தாலும் வெர்னரேதான்.



"என்னடா மூஞ்சி இது?" என்றார் வெர்னர். "யாரு செத்தா?"

"நீதான்."

வெர்னர் கொடியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "அடப்பாவி, இன்னிக்கு ஏப்ரல் ஒன்பதுடா! உலகப் போர்ல ஜெர்மன்காரன் நாட்டுக்குள்ள நுழைஞ்ச நாளு. காலைல பாதியில நிறுத்தி, மத்தியானம் ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னு, உச்சிக்கு ஏத்தறது பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே. நாட்டையே சுத்திப் பாக்கறியாமே, உன் மக சொன்னா. நல்லாப் பாத்த போ!"

"ஐயோ, எனக்கும் தோணலியே!" என்று போடில் தலையில் அடித்துக்கொண்டாள். ஊர் சுற்றுகிறவர்களுக்குத் தேதி ஏது. அதுவும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வெர்னர் சிரிக்க ஆரம்பித்தார். ஹோல்கர் சிரிக்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் கப்பல விடல. அக்கரைத் துறையிலயே உக்காந்திருந்தேன். அது கிளம்பிப் போறத பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மாவக் குழியில இறக்கறத என்னால பாக்க முடியாதுன்னு ஏறல."

வெர்னரின் சிரிப்பு நின்றது. 

"எனக்கு மட்டும் பாக்க முடிஞ்சுதுன்னு நினைக்கிறியா?" குரல் உடைந்து வந்தது. "அம்மா பெட்டியக் குழியில இறக்க உனக்கு ஒரு கயிறு, எனக்கு ஒரு கயிறுன்னு பாதிரியார்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். உன் கயித்த யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன் பிடிச்சான். அவ்வளவு கூட்டத்துல நான் தனியா நின்னேன்டா."

 ஹோல்கர் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இத்தனை காலம் அண்ணனுக்குக் கோபம் என்றே நினைத்திருந்தார்.

போடில், உள்ளே போய்க் காபி போடட்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

"போடு, நாங்க வந்துடறோம்," என்ற வெர்னர், திகைத்து நின்ற தம்பியின் முழங்கையைப் பிடித்துத் தேவாலயப் பக்கம் திருப்பினார். "மெதுவா நட. டாக்டர் என்னை வேகமா நடக்கக் கூடாதுன்னிருக்கான். அம்மாவப் பாத்துட்டு வரலாம். இப்பவாவது ரெண்டு பேரும் சேந்து போவோம்."