ஆறு சிலிண்டர்

சோணைமுத்துவுக்கு அறுபத்தெட்டு வயது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு காரின் சத்தத்தைக் கேட்டு எஞ்சினில் எத்தனை சிலிண்டர் என்று சொல்கிற ஆள் காவாக்குளத்தில் அவர் ஒருத்தர்தான். அதுவும் செல்போனில் கேட்டுச் சொல்வதுதான். நேரில் கேட்டதில்லை. அந்த மாதிரிக் காரெல்லாம் காவாக்குளத்துக்கு எதற்கு வரப்போகிறது?

ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தபோது பிடித்த பைத்தியம். பாலைவன மணலில் ஒரு கார் மேடேறி, ஆகாசத்தில் மிதந்து, மூக்கு குத்தாமல் இறங்குவதைப் பார்த்தார். அன்றோடு சரி, மற்ற படம் எதுவும் பிடிக்கவில்லை. இளவட்டத்தில் நாலு வருசம் லாரியில் கிளீனராகப் போனவர். எஞ்சின் சத்தம் காதில் கிடந்து ஊறிய ஆள். ஆறு வருசமாகக் காலையிலும் மத்தியானமும் ரேஸ்தான்.

அதற்காக எதையும் நம்பிவிடுகிறவர் இல்லை. ரெண்டு நொடியில் நாலு டயரையும் கழற்றி மாட்டுகிறான் என்று காட்டினால், "வெட்டி ஒட்டுறான்" என்பார். சாயல்குடி பஞ்சர் கடையில் ஒரு டயருக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர் வேறு என்ன சொல்வார்? முப்பது தடவை ஓட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, அப்புறம்தான் அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தை மட்டும் அவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு எஞ்சின் அப்படிக் கத்துமா? சினிமாவில் அடி விழுகிற சத்தத்தைச் சேர்க்கிற மாதிரி இதையும் பின்னால் சேர்க்கிறான் என்று ஒரு சந்தேகம். ஒரே ஒரு தடவை, அப்படி ஒரு காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, தன் காதால் கேட்டுவிட வேண்டும். இந்த வயதில் அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் மீரா சாகிபு டீக்கடை. அங்கன உட்கார்ந்து சோணைமுத்து ரேஸ் கதை சொன்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவன் பஸ்ஸை விட்டுவிடுவான். அந்த இடத்துக்குத்தான் மாசி மாதம் ஒரு காலையில் பாண்டித்துரை வந்து உட்கார்ந்தான்.

பாண்டித்துரை அவருக்குச் சகலை. சோணைமுத்து அக்காளைக் கட்டியவர், அவன் தங்கச்சியைக் கட்டியவன். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது அவனுக்கு.

"மீரா பாய், எல்லாருக்கும் டீ போடுங்க. பெங்களூர்ல மருமகன் காரு எடுத்துருக்காப்ல. மிதிச்சா நாலு செகண்டுல நூறு! எட்டு சிலிண்டர்!"

"எட்டா? யா அல்லா! பஸ்ஸுக்கே ஆறுதானய்யா?"

செல்போனில் படம் கைமாறிக் கைமாறி வந்தது. மஞ்சள் கலர். தரையோடு தரையாகப் படுத்திருக்கிற வண்டி. சோணைமுத்து பார்த்தவுடனே கண்டுகொண்டார். அந்த வண்டி மலைப்பாதையில் ஓடுகிற வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை.

"இதுக்கு ஆறு சிலிண்டர்தான்" என்றார்.

"இல்லண்ணே, மருமகன் எட்டுன்னுதான் சொன்னாப்ல."

"எட்டு கியரா இருக்கும். சிலிண்டர் ஆறு."

மீரா சாகிபு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சோணைண்ணே, அவுக காரு வச்சுருக்கவுக. நீங்க செல்லுல பாக்குறவுக. விடுங்களேன்."

கடையே சிரித்தது. பாண்டித்துரையும் சிரித்தான், கெட்ட எண்ணம் இல்லாமல்தான். அதுதான் சோணைமுத்துவுக்கு இன்னும் எரிந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்த சனிக்கிழமை கார் வந்தது. பாண்டித்துரை மருமகன் வேல்ராஜ் அமைதியான பையன். ஊர் மொத்தமும் மந்தைத் திடலில் நின்றது. விலக்கு வரைக்கும் ஆளுக்கு ஒரு சுற்று. வேல்ராஜ் மெதுவாக உருட்டிக்கொண்டுதான் போனான்; பிள்ளைகள் கூச்சலில் எஞ்சின் சத்தம் அமுங்கிப்போனது. மீரா சாகிபு கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து முன் சீட்டில் போனார். போஸ்ட்மேன் போனார். கண் தெரியாத கோயில் பூசாரியைக்கூடத் தூக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். சோணைமுத்து வேப்பமரத்தடியில், வேறு சோலியாக நிற்கிறவர் போல நின்றார்.

"அண்ணே, வாங்க வாங்க!" பாண்டித்துரை கையைப் பிடித்து இழுத்தான். "முன்னாடி நான் உக்காந்துக்கிறேன், நீங்க பின்னாடி ஏறிக்கங்க. செல்லுலயே பாத்து என்ன ஆகப்போகுது?"

பின்னாடி! டீக்கடைக்காரனுக்கு முன் சீட்டு, அவருக்குப் பின் சீட்டு.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லி நடந்துவிட்டார். மாட்டை விற்று மூன்று வருசம் ஆகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் வண்டி கிளம்பியது. நின்று கேட்டால் ஆசைப்பட்டது தெரிந்துபோகும். துண்டை எடுத்துக் காதோடு இறுக்கித் தலைப்பாகை கட்டிக்கொண்டு வேகமாக வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் மனைவி பாண்டியம்மாள் விடவில்லை. "என் தங்கச்சி சொல்றா, நாற்காலி அப்பிடியே ஆளக் கட்டிப் பிடிக்குதாம்ல?"

"உன் தங்கச்சி கண்டா."

"ஆசையா இருந்தா வாயத் தொறந்து கேளுங்களேன். அந்தப் பிள்ள மாட்டேன்னா சொல்லப்போகுது?"

"அவன் மருமகன் காருக்கு நான் போயி நிக்கணுமா? போடி அங்கிட்டு."

மறுநாள் ஞாயிறு. மாரியூர் கோயிலில் புது வண்டிக்குப் பூசை போட மாமனும் மருமகனும் காலையிலேயே போய்விட்டார்கள். ஊருக்கு ஒரே ரோடுதான். அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

சோணைமுத்து வயலில் உளுந்துச் செடி பிடுங்கிக் காய்ந்து கிடந்தது. அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கத்து ரோடெல்லாம் களம்தான். செடியைத் தாரில் பரப்பிப் போட்டால் பஸ்ஸும் டிராக்டரும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். மனசுள்ள டிரைவர்கள் இன்னும் ஒரு தடவை பின்னால் வந்து ஏற்றிவிட்டுப் போவார்கள். ஒன்றே ஒன்று மட்டும் எழுதாத சட்டம்: பாதி ரோட்டில்தான் போட வேண்டும். மறுபாதி போகிறவர் வருகிறவருக்கு.

சோணைமுத்து அன்றைக்கு முழு ரோட்டையும் அடைத்துப் போட்டார். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், இறங்கிப் போக வழியில்லாத இடத்தில், முழங்கால் உயரத்துக்கு.

அவர் மனதில் ஓடியது இதுதான். அவ்வளவு தாழ்ந்த வண்டி இதில் ஏறாது. நிற்கும். பாண்டித்துரை இறங்குவான். "அண்ணே, கொஞ்சம் ஒதுக்குங்கண்ணே" என்று ஊர் பார்க்கக் கேட்பான். கேட்கட்டும். ஒரு நாளாவது அவன் தன்னிடம் கேட்கட்டும்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். விரட்டி ஓட்டி வந்த வண்டியின் புகைக்குழாய் அடுப்புக் கம்பி போலக் காய்ந்திருக்கும். ரேஸ் கார் ஒன்று காய்ந்த புல்லில் ஓரங்கட்டி நின்று, அஞ்சு நிமிசத்தில் வெறும் எலும்பாகிப்போனதை வீடியோவில் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பு மனசின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. அதை அவர் விரட்டவில்லை. செடி புரட்டுகிற கவைக்கம்பை எடுத்துக்கொண்டு கருவேல மர நிழலில் போய்க் குந்திக்கொண்டார்.

பதினோரு மணி இருக்கும். முன்னால் மாலையும் எலுமிச்சம்பழமுமாக மஞ்சள் கார் வந்து செடிக்கு முன்னால் நின்றது. பாண்டித்துரை இறங்கினான். நெற்றி நிறைய விபூதி.

"அண்ணே! நம்ம உளுந்தா?"

"ஆமா" என்றார் சோணைமுத்து. எழவில்லை. கேளு, கேளு என்று உள்ளுக்குள் காத்திருந்தார்.

பாண்டித்துரை மருமகன் பக்கம் திரும்பினான். "மாப்ள, அண்ணன் தனியாளாக் கிடந்து பாடுபடுறாரு. இன்னைக்கி ஞாயித்துக்கெழம, வண்டி வாசி கம்மி. நாமளே ரெண்டு தடவ ஏத்தி அடிச்சுக் குடுத்துருவம். வாங்க!"

"மாமா, வண்டி ரொம்பத் தாழ்வு. அடியில தட்டும்."

"செடிதான மாப்ள, கல்லா தட்டும்? கோயிலுக்குப் போயிட்டு வந்து மொத வேல ஒரு சம்சாரிக்கு ஒத்தாசையா இருக்கட்டும். வாங்க, வாங்க... நேர வாங்க!"

சோணைமுத்துவின் வாய் திறந்தது. அதற்குள் வேல்ராஜ் மிதித்துவிட்டான்.

பத்தடி தள்ளி அந்த எஞ்சின் கத்தியது. அவருக்கு உட்கார்ந்திருந்த மண் அதிர்ந்தது. நெஞ்செலும்பு ஒவ்வொன்றும் அந்த அதிர்வை வாங்கி அடுத்ததுக்குக் கொடுத்தது. செல்போனில் கேட்டதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடின மாதிரி. யாரும் சேர்க்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. அந்தச் சத்தம் நிசம்! ஆறு சிலிண்டர், சந்தேகமே இல்லை. கார் செடியில் ஏறிப் போய், பின்னால் வந்து, மறுபடி ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே மறந்துபோனது.

மூக்குத்தான் எழுப்பியது. உளுந்து கருகுகிற வாடை.

கண்ணைத் திறந்தார். வண்டிக்கு அடியில் வைக்கோல் போர் மாதிரிச் செடி சேர்ந்து அடைத்திருந்தது. நடுச் செடியில் கார் நின்றிருந்தது. அடியிலிருந்து வெள்ளைப் புகை. பாண்டித்துரை எஞ்சின் புகை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ஏலே! நிறுத்தாதிய!" சோணைமுத்து ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று அவருக்கே தெரியாது. "தீ! தீ! நிக்காத, முன்னாடி ஓட்டு! வெறும் ரோட்டுக்கு ஓட்டு!"

வேல்ராஜ் இறங்கப் பார்த்தான். அவர் கம்பால் கதவில் அடித்தார். "எறங்காத! நின்னா வண்டி போயிரும். ஓட்டு!"

கார் செடியை இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வெறும் தாரில் போய் நின்றது. சோணைமுத்து பின்னாலேயே ஓடிப்போய்க் குப்புற விழுந்து, கவைக்கம்பை உள்ளே விட்டு இழுத்தார். கொத்துக் கொத்தாக எரிகிற செடி வந்தது. புகைக்குழாயில் சுற்றிக்கொண்ட கடைசிப் பிடி கம்புக்கு வரவில்லை. கையை விட்டு உருவினார்.

எல்லாம் முடிந்து பார்த்தபோது அடித்தட்டு ஒரு ஓரம் உருகியிருந்தது, அவ்வளவுதான். அவருடைய உளுந்துதான் ரோட்டில் பற்றிக்கொண்டு முக்கால்வாசி எரிந்து அடங்கியிருந்தது; மிச்சத்தை வேல்ராஜ் ஓரத்துக்குத் தள்ளி வழி பண்ணியிருந்தான். வலது உள்ளங்கை வெந்து தோல் வழண்டுபோயிருந்தது.

பாண்டித்துரை அழுதேவிட்டான். "என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்ணே. உங்களுக்கு நல்லது செய்யிறதா நெனச்சு உங்க வெள்ளாமையவே எரிச்சுப்புட்டனே. கையி வேற... மாப்ள, சாயல்குடி ஆசுபத்திரிக்கு எடுங்க! அண்ணே, நீங்க முன்னாடி உக்காருங்க."

முன் சீட்டு. நாற்காலி அப்படியே ஆளைக் கட்டிப் பிடித்தது. கொழுந்தியாள் சொன்னது பொய்யில்லை.

விலக்கு தாண்டிக் கடற்கரை ரோட்டில் ஏறியதும் வேல்ராஜ் மிதித்தான். பனைமரங்கள் பின்னால் ஓடின. பின் சீட்டில் பாண்டித்துரை செல்போனில் மீரா சாகிபுவிடம் கத்திக்கொண்டு வந்தான். "இல்ல பாய், அண்ணன் இல்லேன்னா வண்டி சாம்பலு! அவரு வீடியோவுல பாத்த வித்தைதான் காப்பாத்துச்சு. இனி அவர யாரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது பாத்துக்கங்க!"

வேல்ராஜ் ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்: "பெரிய மாமா, வழக்கமா பாதி ரோட்டுலதான போடுவாக?"

சோணைமுத்துவுக்குக் கை எரிச்சல் தலைக்கு ஏறியது. பொய் சொல்லலாம். பின்னால் இருக்கிறவன் எந்தப் பொய்யையும் நம்புவான்.

"ஆமா" என்றார். "பாதியிலதான் போடணும். நான் முழுசாப் போட்டேன். வேணும்னேதான்."

வேல்ராஜ் திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இருந்த கியர்த் தகட்டை விரலால் இழுத்தான். எஞ்சின் இன்னும் ஒரு படி மேலேறிக் கத்தியது. சோணைமுத்துவின் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆசுபத்திரி இன்னும் தூரமாக இருக்கக்கூடாதா என்று இருந்தது.

போனை வைத்துவிட்டுப் பாண்டித்துரை ரெண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினான். கண்ணில் ஈரம் காயவில்லை. "வலிக்குதாண்ணே? எப்பிடி இருக்கு நம்ம வண்டி? எட்டு சிலிண்டருல்ல!"

"ஆறு" என்றார் சோணைமுத்து.

"ஆறுதான் மாமா" என்றான் வேல்ராஜ்.

"ஆறா? சரி, ஆறாவே இருக்கட்டும். சொல்லுங்கண்ணே, எப்பிடி இருக்கு?"

நம்ம வண்டி. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான் பார். நாளைக்கும் இவன் இந்தச் சீட்டில் உட்காருவான். அடுத்த பொங்கலுக்கும் உட்காருவான். இந்தச் சத்தம் என்னவென்றே தெரியாமல் செல்போனில் பேசிக்கொண்டு வருவான். தனக்கோ சாயல்குடி வரைக்கும்தான்.

சோணைமுத்து வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்னமோ" என்றார். "வீடியோவுல இத விட நல்லாருக்கும்."