திருப்பிச் சுற்றிய ஞாயிறு

ஜீயபுரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டித் தமிழ்மணியின் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானுமதி நடக்கத் தொடங்குவதும் அங்கேதான், வந்து முடிப்பதும் அங்கேதான். கடையிலிருந்து வாய்க்கால் கரையில் இறங்கி, வாழைத் தோப்புகளுக்கு நடுவே போய், மதகைத் தாண்டி, நெல் வயல் ஓரமாக மண் ரோட்டில் நடந்து, கோயில் தெரு வழியாகத் திரும்பவும் கடைக்கே வந்து சேர்ந்தால் ஒரு சுற்று. மதகுதான் சரிபாதி. போகும்போது ஒரு டீ, வந்த பிறகு ஒரு டீயும் இரண்டு மெதுவடையும். நடந்து கரைத்ததை இந்த வடை திருப்பிக் கொடுத்துவிடும் என்று விற்கிற தமிழ்மணியே கிண்டல் செய்வார்.

பானுமதி ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சி தில்லை நகரில் ஒரு ஃப்ளாட், அதில் ஒரே ஆள். டிவியை அணைத்தால் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும். அதனாலேயே டிவியை அணைக்க மாட்டாள்.

இந்தச் சுற்றை அவள் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. கூட இருந்தவள் உமாமகேஸ்வரி. ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன், அடுத்தடுத்த மேஜை, ரிட்டையர் ஆனதும் ஒரே வருஷம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து ஏறி, ஜீயபுரத்தில் சேர்ந்து இறங்கி, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடிப்பதற்குள் சுற்று முடிந்துவிடும். நடைக்கு ஆளுக்கொரு சட்டம் போட்டிருந்தார்கள். வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது உமாவின் சட்டம். திருவானைக்காவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு எதைச் சுற்றினாலும் பிரதட்சிணம்தான். "இடமா சுத்துறதெல்லாம் சாவு காரியத்துக்குத்தான்டி" என்பாள். இறங்கிவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது என்பது பானுமதியின் சட்டம். இடி விழுந்தாலும் சுற்றை முடித்துத்தான் வருவாள். வீம்பு என்றால் சாதாரண வீம்பு இல்லை.

அந்த வீம்புதான் வினையாக வந்தது. போன வருஷம் ஆடியில் ஒரு ஞாயிறு, சரியாக மதகருகே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. உமா திரும்பிவிடலாம் என்றாள்.

"இங்கேருந்து எப்படிப் போனாலும் ஒரே தூரம்தான். மழைன்னா கரைஞ்சா போயிடுவ?" என்றாள் பானுமதி.

"தோப்புப் பக்கம்னா ஒதுங்கவாவது மரம் இருக்கு. வயக்காட்டுல என்ன இருக்கு? அவருக்கு மாத்திரை குடுக்கணும், நான் சளி பிடிச்சுப் படுத்தா யாரு பாக்குறது?"

"ஒரு நாள் அவரே எடுத்துப் போட்டுக்க மாட்டாரா?"

"உனக்கென்ன, வீட்டுல உனக்காகக் காத்திருக்க ஆளா இருக்கு? எனக்கு அப்படியா?"

சொல்லிவிட்டாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது, உமாவின் முகத்தில் வழிந்தது எது என்று பார்க்கப் பானுமதி நிற்கவில்லை. அவள் வயல் பக்கம் நடந்தாள், உமா தோப்புப் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் கடைக்கு ஒரே நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்கள், இவள் ஒரு பக்கத்திலிருந்து, அவள் இன்னொரு பக்கத்திலிருந்து. தொப்பலாக நனைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வேறு வேறு பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர நடை நிற்கவில்லை. உமா முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அடுத்த பஸ்ஸில் பானுமதி. ஒரே வழியில், ஒரே பக்கமாக, முன்னும் பின்னுமாக அரை மணி நேர இடைவெளியில் இரண்டு கிழவிகள் சுற்றிக்கொண்டிருந்தால் எந்தக் காலத்தில் பார்த்துக்கொள்வது? தமிழ்மணிதான் பாவம், "இப்பத்தாம்மா போனாங்க" என்று இவளிடம் சொல்வார், "அவங்க வர்ற நேரம்தான்" என்று அவளிடம் சொல்வார். இரண்டு பேரும் காது கேட்காதவர்கள் மாதிரி டீயை ஊதிக் குடிப்பார்கள்.

ஐப்பசியில் உமாவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பானுமதி போகாமல் இல்லை. போனாள், பெண்கள் கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்தாள். உமா தலையை நிமிர்த்தவில்லை, இவளும் எழுந்து போய் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. எடுத்ததும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ ராத்திரி அந்தக் கையை நினைத்து அழுதிருக்கிறாள். அழுது என்ன செய்ய?

இப்படியிருக்க, போன ஞாயிறு தமிழ்மணி வடைத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வாரத்தோட உமாம்மா வரமாட்டாங்களாம். பூனாவுல மக வீட்டுக்கே போறாங்களாம். ஸ்ரீரங்கத்து வீட்டையும் ஒழிச்சுக் குடுத்துட்டாங்களாம்."

"யார் சொன்னா?"

"அவங்களேதான். உங்ககிட்ட சொல்லச் சொல்லல. ஆனா நான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் சொன்னாங்க."

பானுமதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வாரம் முழுக்கப் பானுமதிக்கு இதே நினைப்பு. போனை எடுப்பாள், உமாவின் பெயர் வரைக்கும் போவாள், வைத்துவிடுவாள். போன் செய்தால் யார் முதலில் பேசியது என்று ஆகிவிடும் அல்லவா? வீட்டுக்கே போய்விட்டால்? அங்கே மகள் வந்திருப்பாள், மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள், நடுவில் போய் நின்று என்ன சொல்வது? வழியில் தற்செயலாக எதிரெதிரே வந்துவிட்டால் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. யாரும் யாரிடமும் போனதாக ஆகாது. வழி குறுகல், ஒதுங்கவும் முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். எதிரே வர வேண்டுமென்றால் ஒன்றுதான் செய்ய முடியும். இடமாக, திருப்பிச் சுற்ற வேண்டும். ஆகாதுதான். ஆனால் இதைவிட ஆகாதது ஒன்று நடக்கப் போகிறதே, அவள் ஒரேயடியாகப் போகப் போகிறாளே.

இந்த ஞாயிறு முகூர்த்த நாள். கடையில் கல்யாணக் கூட்டம், தமிழ்மணிக்குப் பாலையும் டிகாக்ஷனையும் ஆற்றிய கை ஓயவில்லை.

"உமா வந்தாளா?" என்று கேட்டாள் பானுமதி. இத்தனை நாளில் அவள் வாயில் அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

தமிழ்மணி ஒரு கணம் டம்ளரை நிறுத்திப் பார்த்தார். "வந்தாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்கம்மா."

எந்தப் பக்கம் போனாள் என்று கேட்க இவளுக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் அவரும் கவனித்திருக்க மாட்டார். உமா எந்தப் பக்கம் போவாள் என்பதெல்லாம் ஒரு கேள்வியா?

யாரும் பார்க்காதபோது பானுமதி கோயில் தெருப் பக்கம் இறங்கிவிட்டாள். தெரிந்த வழியே திருப்பி நடந்தால் தெரியாத வழி மாதிரி இருந்தது. கோயில் சுவருக்குப் பின்னால் ஒரு கிணறு இருப்பதையே இன்றைக்குத்தான் பார்த்தாள். மண் ரோட்டில் ஏறியதும் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தூரத்தில் ஒரு சேலை தெரிந்தால் நெஞ்சு ஒரு குதி குதித்தது. முதலில் என்ன சொல்வது? "என்னடி, சௌக்கியமா" என்பதா? அவர் போனபோது கையைப் பிடிக்காமல் வந்துவிட்டேன் என்பதா? அதைச் சொன்னால் அழுகை வந்துவிடும். வந்தால் வரட்டும், வயக்காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

பார்க்க ஆள் இருந்தது. வயலோரத்து வாழைக் கொல்லையில் அமிர்தம் இலை அறுத்துக்கொண்டிருந்தாள். தோப்புத் தோப்பாகப் போய் இலை அறுத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். இவர்கள் இருவரையும் நன்றாகத் தெரியும்.

"என்னம்மா இது, இன்னைக்கு ரெண்டு பேரும் திருப்பிக்கிட்டு வர்றீங்க?" என்றாள் அமிர்தம்.

"ரெண்டு பேருமா?"

"உமாம்மாவும் இப்படித்தானே போனாங்க. அப்பவே போயிட்டாங்க, உங்களுக்கு முன்னாடி."

பானுமதி நின்றுவிட்டாள். விஷயம் மண்டையில் ஏற ஒரு நொடி ஆனது. வலமாகத்தான் சுற்றுவேன் என்று ஆண்டவனோடு ஒப்பந்தம் போட்டவள் மாதிரி இருந்த உமா, இன்றைக்கு இடமாகச் சுற்றுகிறாள். எதற்கு? இவளை எதிரே பார்க்கத்தான், வேறு எதற்கு? அடிப்பாவி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் இப்போது இரண்டு பேரும் மறுபடியும் ஒரே பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள், முன்னும் பின்னுமாக.

மனசு கணக்குப் போட்டது. இப்படியே பின்னால் போனால் இவள் கடைக்குப் போய்ச் சேரும்போது உமா பஸ் ஏறிப் போயிருப்பாள். ஓடிப் பிடிக்கிற முழங்கால் இல்லை. இங்கிருந்தே திரும்பினால், உமா அந்தப் பக்கமாக வந்து சேருகிற நேரத்துக்கு இவள் இந்தப் பக்கமாகக் கடையில் நிற்கலாம். பாதியில் திரும்புவதா? கடையில் அத்தனை பேர் முன்னால், உனக்காகத்தான் வந்து நிற்கிறேன் என்று நிற்பதா? சரி, நிற்கிறேன். நின்றால் என்ன குறைந்துவிடும்? இத்தனை நாள் நிற்காமல் என்ன வாழ்ந்துவிட்டேன்?

அமிர்தத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டென்று திரும்பி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள்.

கடையில் கூட்டம் வடிந்திருந்தது. தமிழ்மணி அவளைப் பார்த்து அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னம்மா, போன வழியே வர்றீங்க? உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன? உமா வருவா. அவளுக்காகத்தான் வந்தேன்." கடையில் இருந்தவர்கள் காதில் எல்லாம் விழும்படியே சொன்னாள். "எனக்கு இப்ப டீ வேணாம். அவ வந்ததும் ரெண்டு டீயாப் போடுங்க."

வாய்க்கால் பக்கம் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை லேசாக அவள் உட்கார்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. திருச்சி போகிற பஸ் ஒன்று வந்து போனது. வாய்க்கால் கரையில் ஆடுகள் வந்தன, ஆடு மேய்க்கிறவர் வந்தார். இன்னொரு பஸ் வந்து போனது. உமாவின் முழங்காலும் தேய்ந்துதானே இருக்கும், மெதுவாகத்தான் வருவாள். கரூர்ப் பக்கத்து பஸ்கள் வந்தன. போனை எடுத்துப் பார்த்தாள். இப்போது யார் முதல் என்கிற கணக்கெல்லாம் இல்லை, வருகிறவளை எதற்கு அவசரப்படுத்துவது என்றுதான் உள்ளே வைத்தாள். தமிழ்மணி கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று தள்ளி வைத்தாள். அதில் ஆடை படிந்தது.

வெயில் பெஞ்சு வரைக்கும் வந்த பிறகு அமிர்தம் வந்தாள், தலையில் இலைக்கட்டோடு. கட்டை இறக்கி வைத்துவிட்டு பானுமதியை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கீங்களாம்மா? அவங்க மதகுல உங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்களே."

"மதகுலயா?"

"ஆமா. நான் அந்தப் பக்கத் தோப்புக்கு இலைக்குப் போனேன், மதகுக் கட்டையில உக்காந்திருந்தாங்க. என்னம்மா இங்கன்னு கேட்டேன். பானு எந்தப் பக்கமா வந்தாலும் மதகைத் தாண்டித்தான் ஆகணும், அவ பாதியில திரும்புற ஆளு இல்ல, வருவான்னாங்க."

பானுமதி பெஞ்சின் விளிம்புக்கு வந்தாள். "நீ என்ன சொன்னே?"

"நான் என்னம்மா சொல்றது, உள்ளதைத்தான் சொன்னேன். நீங்க முன்னாடி போறீங்கன்னு சொன்னதுமே பானும்மா சட்டுனு திரும்பி வேகமாப் போயிட்டாங்களேன்னு சொன்னேன்." அமிர்தம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கட்டையை விட்டு எழுந்துட்டாங்க. அப்புறம், அவ கடையில நிம்மதியா டீ குடிச்சுட்டுப் போகட்டும், நான் அங்க வரலன்னுட்டாங்க. தோப்புக்குள்ள குறுக்கால மெயின் ரோட்டுக்கு வழி கேட்டாங்க, நான்தான் காட்டிவிட்டேன். அடுத்த ஸ்டாப்புல பஸ் ஏறியிருப்பாங்க."

தமிழ்மணி வடைக் கரண்டியோடு அப்படியே நின்றார். பானுமதி போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. மூன்றாவது தடவை சரியாகப் போனது. அடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்தாள். பஸ் இரைச்சல்.

"சொல்லு" என்றாள் உமா. இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"மதகுல இருந்தியாமே."

"ஆமா. நீ திரும்பிட்டியாமே."

"உமா, நான் கடையிலதான்டி இருக்கேன். உனக்காகத்தான்..."

"என்ன? ஒண்ணும் கேக்கல. பஸ்ஸுல இருக்கேன். பரவால்ல விடு பானு, நான் ஒண்ணும் நினைக்கல. உடம்பைப் பாத்துக்க."

"உன்னைப் பாக்கத்தான்டி திரும்பினேன்" என்றாள் பானுமதி. கேட்டிருக்காதோ என்று எழுந்து நின்று, கடையே திரும்பிப் பார்க்கும்படி மறுபடியும் சொன்னாள். "உன்னைப் பாக்கத்தான் திரும்பினேன். உன்கூடப் பேசாம என்னால இருக்க முடியல. கேக்குதா? உமா, கேக்குதா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். லைன் கட்டாகியிருந்தது. எந்த இடத்தில் கட்டானது என்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானுமதி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் உமாவின் பெயரை மறுபடியும் அழுத்தினாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.