பழசு முன்னாடி, புதுசு பின்னாடி

நம்மாளுக்குக் கைவந்த தொழில் ஒண்ணே ஒண்ணுதான், தேதி ஒட்டுறது. அஞ்சாறு ஆஸ்பத்திரிக்கும் நாலு ஸ்கூலுக்கும் மதியச் சாப்பாடு போற பெரிய சமையல் கூடம் அது. குளிர் அறை வாசல்ல நின்னுக்கிட்டு, வர்ற டப்பா மேலெல்லாம் லேபிள் துப்பாக்கியால டப்பு டப்புன்னு அடிப்பான். இன்னிக்குத் தேதியோட மூணு நாள் கூட்டிப் போடணும். அடிச்சதைக் கொண்டுபோய் ஷெல்ஃப்ல அடுக்கணும். அங்க ஒரே சட்டம்தான், பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. அப்பதான் பழசு முதல்ல செலவாகும். தேதி தாண்டின டப்பா கண்ணுல பட்டா யோசிக்கவே கூடாது, நேரா குப்பைத்தொட்டி.

இதைத்தான் அவன் வீட்டுக்குப் போன்ல பேசும்போது "உணவுப் பாதுகாப்புப் பிரிவு"ன்னு சொல்லுவான். அவங்க அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லும்போது "பாதுகாப்பு அதிகாரி" ஆயிடுவான்.

இப்படி ஊர்ல இருக்கிற சூப்புக்கெல்லாம் தேதி போடுற மகராசன் மேலயே ஒரு தேதி இருந்துச்சு. அவன் இந்த வெளிநாட்டுல தங்கியிருக்கிறதுக்கும் வேலை பாக்குறதுக்கும் குடுத்த அனுமதி அட்டை, வர்ற பத்தொன்பதாம் தேதியோட முடியுது. புதுப்பிக்கச் சொல்லி எழுதிப்போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. "கடிதம் வரும், காத்திருக்கவும்"னு சொன்னாங்க. கிணத்துல போட்ட கல்லு மாதிரி சத்தமே இல்ல. பத்தொன்பதுக்குள்ள வரலைன்னா வேலை போயிடும், அப்புறம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவன் தங்கியிருந்தது அக்கா வீட்ல. இதை அங்கயும் சரி, ஊர்ல இருக்கிற அம்மாகிட்டயும் சரி, அவன் சொல்லல. அக்கா கேட்டா கவலைப்படுவா. அம்மா கேட்டா சாப்பிடுறதையே நிறுத்திடுவாங்க. அத்தான் கேட்டா கிண்டல் பண்ணுவாரு. உண்மையைச் சொல்லணும்னா மூணாவதுக்குத்தான் ரொம்பப் பயந்தான்.

அதனால தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் வாசல்ல இருக்கிற தபால் பெட்டியைத் திருட்டுத்தனமாத் திறந்து பாப்பான். காலியா இருக்கும். கைய உள்ள விட்டும் துழாவுவான். ஒரு தடவை கை மாட்டிக்கிச்சு. மாடியில குடியிருக்கிற தையல்காரம்மா வந்து எண்ணெய் போட்டு எடுத்துவிட்டாங்க.

இந்த நேரம் பாத்துதான் அக்கா பொண்ணு ஸ்கூல்ல இருந்து ஒரு சீட்டு வந்துச்சு. வாண்டுக்கு ஆறு வயசு. "குழந்தைக்கு நாள், கிழமை, மாசம் பிடிபடவில்லை. வீட்டில் பழக்கவும்"னு டீச்சர் எழுதியிருந்தாங்க. பொய்யில்ல. வாண்டுக்கு நடந்ததெல்லாம் நேத்துதான். போன வருஷம் பல்லு விழுந்ததும் நேத்து, காலைல பால் குடிச்சதும் நேத்து. நடக்கப்போறது எல்லாம் நாளைக்கு. அவளுக்குக் கல்யாணம்கூட நாளைக்குத்தான்.

அக்கா பல் ஆஸ்பத்திரி வரவேற்புல உக்காந்து நாள் பூரா ஊருக்கே தேதி குறிச்சுக் குடுக்கிறவ. வீட்டுக்கு வந்து மறுபடியும் தேதியைப் பாக்க அவளுக்குத் தெம்பில்ல.

"டேய், நீதானே தேதித் துறை. நீயே சொல்லிக் குடு"ன்னா.

நம்மாளுக்குத் தலைகால் புரியல. முதல் நாள் காலண்டரை மேஜை மேல விரிச்சு, முஷ்டியை மடக்கி, "இந்த மேடு முப்பத்தொண்ணு, இந்தப் பள்ளம் முப்பது"ன்னு ஆரம்பிச்சான்.

"மாமா, உன் கைல ஏன் இவ்ளோ முடி?"

"அதை விடு. இது என்ன மாசம்?"

"முடி மாசம்."

ரெண்டாவது நாள் ஒரு ஆரஞ்சுப் பழம், ஒரு டார்ச் லைட்டு. இதுதான் பூமி, இதுதான் சூரியன், இது சுத்துறதாலதான் நாள் வருதுன்னு அவனே அதிசயப்படுற அளவுக்கு விளக்கினான். திரும்பிப் பாத்தா வாண்டு பாதி பூமியை உரிச்சு வாயில போட்டிருந்தா.

அத்தான் பஸ் ஓட்டுறவரு. சாயங்கால ஷிஃப்டுக்குச் சட்டையை மாட்டிக்கிட்டே எட்டிப் பாத்தாரு. "என்னப்பா, உலகம் அழிஞ்சிருச்சா? அப்ப நான் வண்டி எடுக்க வேண்டாமா?"

மூணாவது நாள் நல்ல காலம் பொறந்துச்சு. சமையல் கூடத்துல பழைய லேபிள் துப்பாக்கி ஒண்ணு விசை இறுகிப்போயி குப்பைக்குக் கிடந்துச்சு. பெரிய சமையல்காரர்கிட்டக் கேட்டு வாங்கி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தான். தையல்காரம்மா எண்ணெய்தான். எண்ணெயோட மகிமை அவனுக்கு அனுபவத்துல தெரியுமே.

துப்பாக்கியைப் பாத்ததும் வாண்டு கண்ணு ரெண்டும் பளபளன்னு மின்னுச்சு. சக்கரத்தைத் திருப்பி நம்பர் வைக்கணும், விசையை அழுத்தணும், டப்பு! பால் பாட்டில்ல ஒண்ணு, ரொட்டியில ஒண்ணு. நம்மாளு சமையல் கூடத்துச் சட்டத்தை அப்படியே வீட்ல அமல்படுத்தினான். ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சுப் பாடம்.

"பழசு எங்க?"

"முன்னாடி!"

"புதுசு?"

"பின்னாடி!"

"தேதி தாண்டிருச்சுன்னா?"

"யோசிக்காம குப்பை!"

நாலே நாள்ல வாண்டு, "இன்னிக்கு ஏழு, பால் ஒம்பது, இன்னும் ரெண்டு நாள் இருக்கு, நாளைக்கு மறுநாள்"னு சொன்னா. அக்கா பாத்திரம் கழுவுறதை விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா. நம்மாளு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டான். இந்தப் பெருமையில யாரும் ஒண்ணைக் கவனிக்கல. வாண்டு ஃப்ரிட்ஜோட நிக்கல. புத்தகம், செருப்பு, சாக்ஸ், அலமாரியில கடிதம் வைக்கிற அட்டைப்பெட்டி, வீடு முழுக்கத் தேதி போட்டு முன்ன பின்ன மாத்தி அடுக்க ஆரம்பிச்சுட்டா. அக்கா வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போன கோட்டுலயே ஒரு லேபிள் இருந்துச்சாம். பல்லு புடுங்க வந்த ஒருத்தர், "நீங்க நாளைக்கு வரைக்கும்தானா?"ன்னு கேட்டாராம். அத்தான் தூங்குறப்ப வழுக்கைத் தலையில ஒண்ணு அடிச்சுட்டா. எழுந்து கண்ணாடியைப் பாத்த மனுஷன், "பரவாயில்ல, இன்னும் மூணு நாள் குடுத்திருக்கா. உங்க அக்கா அதுகூடக் குடுக்க மாட்டா"ன்னாரு.

நம்மாளுக்கோ நாள் ஒண்ணொண்ணாக் கழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தபால் பெட்டி காலி. ஒருவேளை வீட்டுக்குள்ள வந்திருக்குமோன்னு அந்த அட்டைப்பெட்டியையும் போறப்ப வர்றப்ப ஒரு பார்வை பாப்பான். முன்னாடி எப்பவும் ஒரே சோபாக்கடை விளம்பரம்தான். அதே சிரிச்ச குடும்பம், அதே சோபா. புதுசா எதுவும் வரலன்னு நினைச்சுக்குவான். யாரையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டா, என்ன கடிதம்னு அவங்க கேப்பாங்களே!

பதினஞ்சாம் தேதி காலைல அவனுக்கு வார லீவு. டீச்சர்களுக்கு ஏதோ மீட்டிங்னு வாண்டுக்கும் லீவு. அக்கா கிளம்ப இன்னும் நேரம் இருந்துச்சு. பெரியவங்க மூணு பேரும் மேஜையில ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தாங்க. வாண்டு மட்டும் கைல ஒரு அட்டையை வச்சுக்கிட்டு வந்து உக்காந்தா.

"மாமா, உன்மேலயும் தேதி போட்டிருக்கு."

நம்மாளு பாத்தான். அவன் பையில இருந்த அனுமதி அட்டை. கடிச்ச ரொட்டியைத் தட்டுல வச்சான்.

"இன்னிக்குப் பதினஞ்சு. நீ பத்தொன்பது. இன்னும் நாலு நாள்." விரலை விட்டு எண்ணினா. கணக்கு ரொம்பச் சரி. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கான். அப்புறம் அவ முகம் சுருங்கிச்சு. "அதுக்கப்புறம் உன்னைக் குப்பையில போடணுமா?"

அக்கா அட்டையை வாங்கிப் பாத்தா. அவனைப் பாத்தா. மறுபடியும் அட்டையைப் பாத்தா.

"டேய். இது என்னடா?"

"எழுதிப்போட்டிருக்கேன்க்கா. கடிதம் வரும்."

"எப்ப எழுதிப்போட்ட?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டு மாசமா ஒரே வீட்ல உக்காந்து சோறு திங்கிற, வாயில என்ன கொழுக்கட்டையா? அம்மாகிட்ட 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு நேத்துகூடச் சொன்னியே!"

"நீ கவலைப்படுவேன்னுதான்..."

"இப்ப சந்தோஷமா ஆடிக்கிட்டு இருக்கேனா?"

அத்தான் ஏதாவது சொல்லுவாருன்னு நம்மாளு தலையைக் குனிஞ்சு காத்துக்கிட்டு இருந்தான். அவரோ தட்டை ஓரமா நகத்தி வச்சாரு. "ஏம்ப்பா, மதியம் ஸ்கூல் விட்டு வர்றப்ப தபால் எடுத்துட்டு வர்றது நானும் வாண்டும்தானே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்து வச்சிருப்பேன்ல"ன்னு மெதுவாச் சொன்னாரு. கிண்டலே பண்ணியிருக்கலாம். அவ்ளோ வலிச்சிருக்காது.

நம்மாளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வாண்டு அவன் முட்டியைத் தட்டினா.

"மாமா, என்ன கடிதம்?"

"ஒரு கடிதம்டா. நீல முத்திரை போட்டு வரும். வரல."

"வந்துச்சே."

மூணு பேரும் அவ பக்கம் திரும்பினாங்க.

"அப்பா போன் பேசிக்கிட்டு இருந்தாரு, நான்தான் எடுத்தேன். நீல முத்திரை இருந்துச்சு. எட்டாம் தேதி வந்துச்சு. நான் தேதி போட்டேனே." அலமாரிக்கு ஓடிப்போய் அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தா. சோபாக்கடையை நகத்தினா. மருந்துக்கடை நோட்டீசு, போன வருஷத்துப் பஸ் அட்டவணை, கதவு ரிப்பேர்காரர் சீட்டு, எல்லாத்தையும் தள்ளிட்டு, கடைசிக்கும் கடைசியில இருந்து ஒரு நீளக் கவரை உருவினா. நீல முத்திரை. அதுக்குப் பக்கத்துல நேரா, அழகா, ஒரு லேபிள். எட்டு.

"ஏன்டி பின்னாடி வச்ச?" அக்கா அலறினா.

வாண்டுக்குக் கோவம் வந்துடுச்சு. "புதுசு பின்னாடிதானே வைக்கணும்! மாமாதான் சொன்னாரு! முன்னாடி இருக்கிறதை மாமா எடுக்கவே இல்ல. நான் என்ன பண்றது?"

அத்தானுக்கு இப்பதான் உயிர் வந்துச்சு. "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்குப் பாடம் நடத்தி ஆள் தயார் பண்ணினவனை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

நம்மாளு கவரைக் கிழிச்சான். "அசல் அட்டை, இரண்டு போட்டோவுடன் நேரில் வரவும். பதினைந்தாம் தேதி, காலை பத்து நாற்பது. தவறினால் விண்ணப்பம் ரத்து."

மணி ஒம்பது முப்பத்தொண்ணு.

அப்புறம் நடந்தது அவனுக்குச் சரியா ஞாபகம் இல்ல. அக்கா போட்டோவைத் தேடினா. அவன் ஒரு கால்ல அவன் ஷூவையும் இன்னொரு கால்ல அத்தான் ஷூவையும் மாட்டினான். அத்தான், "முப்பத்தேழாம் நம்பர் பஸ், ஒம்பது நாப்பத்தொண்ணுக்கு முனையில நிக்கும். ஓட்டுறவன் நம்ம சிநேகிதன், நான் பேசுறேன். ஓடு"ன்னு போனைக் காதுல வச்சாரு. கதவைத் தாண்டுறப்ப முதுகுல ஏதோ டப்புன்னு பட்டுச்சு. திரும்ப நேரம் இல்ல.

முப்பத்தேழு அவனுக்காக மூணு நிமிஷம் நின்னுச்சு. உள்ள இருந்த அத்தனை பேரும் அவனையே முறைச்சாங்க. அவன் கும்பிடு போட்டுக்கிட்டே ஏறினான்.

அலுவலகத்துல பத்து முப்பத்தாறு. கூடம் நிறைய ஆளுங்க. அவனைத் தாண்டிப் போறவங்க எல்லாம் ஒரு மாதிரி சிரிச்சுட்டுப் போனாங்க. ஷூவைத்தான் பாக்குறாங்கன்னு கால் ரெண்டையும் நாற்காலிக்கு அடியில ஒளிச்சு வச்சான்.

கூப்பிட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தடிச்ச மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா கடிதத்தை வாங்கி, கவர் மேல இருந்த லேபிளைத் தடவிப் பாத்தாங்க. "எட்டாம் தேதி உங்க கைக்கு வந்துருச்சு. ஏழு நாள்ல உறுதி பண்ணி ஒரு போன்கூடப் பண்ணலையே?"

நம்மாளு உண்மையைச் சொல்லிட்டான். துப்பாக்கி, ஃப்ரிட்ஜ், சோபாக்கடை, எல்லாம். சொல்லச் சொல்ல அது அவனுக்கே பொய் மாதிரி இருந்துச்சு. அந்தம்மா முகத்துல ஒரு சுருக்கம்கூட அசையல. போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்னு நினைச்சான்.

"கைரேகை எடுக்கணும். அந்த மிஷின் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பினான். பின்னாடி ஒரு சத்தம். அந்தம்மா சிரிச்சாங்க. அடக்கி அடக்கிப் பாத்து முடியாம, கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுச் சிரிச்சாங்க.

"உங்க முதுகுல ஒரு லேபிள் இருக்கு."

"என்ன... என்ன போட்டிருக்கு?"

"பதினஞ்சு." கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "சரியான நாள்தான் வந்திருக்கீங்க. ரேகையை அழுத்துங்க."

முக்கால் மணி நேரத்துல புது அட்டை கைக்கு வந்துச்சு, சூடா, ரொட்டி மாதிரி. ரெண்டு வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் வாண்டு அட்டையைப் பிடுங்கினா. தேதியை எழுத்துக் கூட்டினா. காலண்டரைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுக் கடைசித் தாள் வரைக்கும் புரட்டினா.

"மாமா, இதுல அந்தப் பக்கமே இல்ல."

"அது இன்னும் அச்சடிக்கவே இல்லடா."

சொல்லிட்டு அவனே அந்தக் கடைசித் தாளைத் தொட்டுப் பாத்தான். ரெண்டு மாசமாப் பத்தொன்பதுக்கு அந்தாண்ட அவன் ஒரு தேதியைக்கூட நினைச்சுப் பாத்ததில்ல.

வேலைக்கு லேட்டாப் போறேன்னு சொல்லிட்டு வீட்லயே காத்துக்கிட்டு இருந்த அக்கா, தலையில ஒரு குட்டு வச்சா. அப்புறம் அதே இடத்தைத் தடவிக் குடுத்தா. "இன்னிக்கே அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. வா, முதல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புவோம்."

வரிசையா நின்னாங்க. நம்மாளு புது அட்டையை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நட்டநடுவுல நின்னான். வாண்டு அவனை மேலயும் கீழயும் பாத்தா.

"மாமா, நீ இப்ப புதுசு. பின்னாடி போ."

"டேய், இன்னிக்கு ஒரு நாளாவது..."

"சட்டம்னா சட்டம்தான்பா"ன்னு அத்தான் சொல்லி, வழுக்கைத் தலையைத் தடவிக்கிட்டு முதல் வரிசைக்கு வந்தாரு. "பழசு முன்னாடி."

போட்டோ போச்சு. கொஞ்ச நேரத்துல போன்ல அம்மாவோட குரல் வந்துச்சு.

"எல்லாரும் நல்லா இருக்கீங்க, சந்தோஷம். பாதுகாப்பு அதிகாரியை எங்கடி காணோம்? மாப்பிள்ளை தோளுக்குப் பின்னாடி ஒரு காது மட்டும் தெரியுதே, அது யாருது?"