திராட்சைப் பெட்டியில் போன கல்யாணம்

கம்பத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அப்துல் சமது, 2009-ல் ஒரு வியாழக்கிழமை காலையில் பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். தூசி வந்தது. செத்த பல்லி ஒன்று வந்தது. திராட்சைப் பெட்டி மட்டும் வரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தார். பெட்டி இருந்த இடம் சதுரமாக, பெருக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஹார்ட் டிஸ்குக்குள் ரஃபியா வீட்டுக் கல்யாணம் இருந்தது.

ஹார்ட் டிஸ்கைத் திராட்சைப் பெட்டியில் எவனாவது வைப்பானா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். குமுளி மலைப்பாதையில் ஜீப் போடும் ஆட்டத்தில் டிரைவரின் கடைவாய்ப் பல் ஆடும். பேப்பர் வெட்டலில் புதைத்த திராட்சை ஆடாது. ஒரு தடவை அப்படியொரு பெட்டி பள்ளத்தில் உருண்டு, மூன்று வருசம் கழித்துக் காட்டிலாகாக்காரர்கள் திறந்தபோது பழங்கள் எல்லாம் குலையோடு எழுந்து உட்கார்ந்தன என்று சமதே டீக்கடையில் சொல்லியிருக்கிறார். சொன்னதை அவரே நம்பியதுதான் வினை.

பக்கத்துச் சரக்குக் கிட்டங்கி அவருடைய மச்சினன் தௌபீக்குடையது. திராட்சை வியாபாரம். போய்க் கேட்டார்.

"நேத்து லோடுக்கு ஒரு பெட்டி கொறைஞ்சுச்சு மச்சான். நீங்க தொழுகைக்குப் போயிருந்தீக. பீரோ மேல ஒண்ணு பாத்தேன், உள்ள பேப்பர் வெட்டல்கூட ரெடியா கெடந்துச்சு. அதுக்கு மேல பழத்தை அடுக்கிட்டேன்."

"அடியில கையை விட்டுப் பாத்தியா?"

"திராட்சைப் பெட்டிக்கு அடியில என்ன மச்சான் இருக்கப் போவுது?"

கோட்டயம் போகும் லோடு. போகிற வழியிலேயே நாலு ஊரில் பிரித்துப் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் இருந்த படங்களை, அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று, போன வாரம்தான் சமது துடைத்து எடுத்திருந்தார்.

ரஃபியாவின் மகளுக்கு நடந்த அந்தக் கல்யாணத்தில் ஆண்கள் பக்கம் சமது எடுத்தார். பெண்கள் பக்கம் அவருடைய மனைவி மெஹராஜ் எடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கத்துப் படங்களைச் சமது பார்ப்பதே இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், பொறுக்குவதும், ஆல்பத்தில் அடுக்குவதும் மெஹராஜ்தான். "நான் இதுவரைக்கும் முழுசா ஒரு கல்யாணம் பாத்ததில்ல. எல்லாம் பாதிதான், என் கல்யாணம் உள்பட" என்பார்.

அவர் பார்க்காத அந்தப் பாதியில்தான் ரஃபியாவுக்கு வேண்டிய படம் இருந்தது. ரஃபியாவும் அவள் அக்காவும் அத்தா விட்டுப்போன தோட்டத்துக் கிணற்றுக்காகச் சண்டை போட்டுப் பதினொரு வருசம் முகம் பார்க்காதவர்கள். வண்டிப்பெரியாறில் இருக்கும் அக்கா, அழைக்காமலே கல்யாணத்தன்று வந்து வாசலில் நின்றாள். ரஃபியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மெஹராஜ் கேமராவை அமுக்கினாள். ஒரே ஒரு படம்தான். அடுத்ததை எடுப்பதற்குள் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் குறுக்கே விழுந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை அக்கா மலையை விட்டுக் கீழே இறங்கி வருகிறாள்.

வியாழன் மதியம் ரஃபியா போன் செய்தபோது, படங்கள் மருதாணி மாதிரி, காயவிட்டால்தான் சிவக்கும் என்றார் சமது. சாயங்காலம் செய்தபோது கம்ப்யூட்டருக்கு அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை வைத்திருக்கிறோம் என்றார்.

சமது இப்படிப் புளுகியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கல்யாணம் முடிந்த கையோடுதான் பிரவுசிங் சென்டர் சுரேஷ்கண்ணனை வீட்டுக்கே வரவழைத்து ஆன்லைன் பேக்கப் பற்றிக் கேட்டார்கள்.

"மூணு கம்பெனி இருக்குண்ணே. மொதலாவது சீக்கிரம் ஏத்திரும். ஆனா படத்தைச் சுருக்கிப்புடும்."

"எம்புட்டுச் சுருக்கும்?"

"பெருசு பண்ணிப் பாத்தா மாப்ளைக்கு மீசை இருக்கா இல்லையான்னு சண்டை வரும். ரெண்டாவது சுருக்காது. பாஸ்வேர்டு மறந்துட்டாலும் அவுககிட்ட ஒரு சாவி இருக்கு, தொறந்து குடுத்துருவாக."

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற சமதுவுக்கு இது பிடித்திருந்தது. மெஹராஜ்தான் குறுக்கே வந்தாள். "அப்ப அவுக நெனச்சா படத்தைப் பாக்கலாம்ல?"

"பாக்க மாட்டாகக்கா."

"மாட்டாகங்கிறது வேற, முடியாதுங்கிறது வேற தம்பி. எவனோ பாப்பான்னா ரஃபியாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? மூணாவது என்ன?"

"அதுல சாவி உங்க ஒருத்தர்கிட்டதான். மறந்தா கம்பெனிக்காரன் தலைகீழா நின்னாலும் தொறக்க முடியாது. அவனுக்கு வெறுங்கிறுக்கலாத்தான் தெரியும்."

"அதைப் போடு."

கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையால் மறைத்து, அவளே பாஸ்வேர்டு அடித்தாள். சமதுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது மறுநாள் டீக்கடைக்குப் போய், அங்கே கால் முளைத்து, சாயங்காலம் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மொத்தக் கல்யாணமும், சமது எடுத்த வீடியோவோடு சேர்த்து, முப்பத்தெட்டு ஜிபி. ஏற்றத் தொடங்கியதும் திரையில் 'மீதம்: 131 நாட்கள்' என்று வந்தது. போதாக்குறைக்கு மோடத்துக்கு வரும் வயர் சுவரோரம் லொடலொடத்தது. ஆள் நின்று அமுக்கிப் பிடித்தால்தான் உறுதியாகப் பச்சை எரியும். மாப்பிள்ளை இங்கே மழித்த முகத்தோடு புறப்பட்டு, அங்கே போய்ச் சேரும்போது தாடியோடு இறங்குகிறார் என்று சமது ஊரெல்லாம் சொன்னார். மூன்றாம் நாள் மீதம் 134 ஆனது. நாளாக நாளாகக் கூடுகிற வேலையை எவன் பார்ப்பான்? நிறுத்து என்ற பொத்தானை அமுக்கிவிட்டார். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவர், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடியே சொன்னார். திராட்சைப் பெட்டி, தௌபீக், நிறுத்து பொத்தான், எல்லாவற்றையும். மருதாணி இல்லை, அம்மை இல்லை. மெஹராஜ் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணுமில்லையே. என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"நெசந்தான் புள்ள. ரஃபியா மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அவள் குழம்பை ஊற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "நீங்க நிறுத்தின அன்னிக்கே பாத்துட்டேன். உங்க பக்கத்து மீசையெல்லாம் போகட்டும்னு விட்டுட்டு, பொம்பளைப் படத்தை மட்டும் எடுத்து ஏத்தினேன். ரெண்டரை ஜிபிதான். நீங்க மத்தியானம் தூங்கையில, டீக்கடைக்குப் போகையில. வயரை வெளக்குமாத்துக் கட்டைய முட்டுக் குடுத்து வச்சேன். இருபத்தாறு நாளாச்சு."

"பூராமா?"

"பூரா."

"ஏன் சொல்லல?"

"நீங்க நிறுத்தினதைச் சொன்னீகளா?"

சமது மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஆண்கள் பக்கத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்தான். நின்றுகொள்ளலாம். மீசை மறுபடியும் வளரும், மறுபடியும் எடுக்கலாம்.

சனிக்கிழமை ரஃபியாவும் அக்காவும் வந்தார்கள். மெஹராஜ் முந்தானையால் மறைத்துப் பாஸ்வேர்டு அடித்தாள். அன்றைக்கென்று விளக்குமாற்றுக் கட்டை வழுக்கியது. வெளியே போகக் கிளம்பிய சமதுவை மெஹராஜ் கூப்பிட்டு, சுவரைப் பார்த்து நிற்கவைத்து, வயரைக் கையில் கொடுத்தாள். படங்கள் நிமிசத்துக்கு ஒன்றாக இறங்கின. முதுகுக்குப் பின்னால் மூன்று பெண்களும் திரையில் வந்தவர்களைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள்.

"இது வடுகபட்டிக்காரியா? இம்புட்டு நகையும் யாரோடது?"

"பேசாம பாருடி."

"அந்தப் பிரியாணிச் சட்டியப் பாரேன், அதுக்குக்கூட அலங்காரம்."

"சமது அண்ணே, கம்ப்யூட்டருக்கு அம்மை எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு தங்கச்சி. நேத்துதான் தலைக்குத் தண்ணி ஊத்தினோம்" என்றார் சமது, சுவரிடம்.

கை மரத்தது. மாற்றிப் பிடித்தார். அப்புறம் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. அக்காவின் குரல் கேட்டது.

"ஏன்டி, அன்னிக்கு நீ செருப்புக்கூடப் போடாமயா ஓடி வந்த?"

சமதுவின் முகத்துக்கு நேரே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய அத்தா தாடியோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடியில் திரையின் வெளிச்சம் விழுந்து, நிறங்கள் மெல்லக் கூடி உருவமாகத் தொடங்கின. சமது ஒரு கையால் வயரை அமுக்கிப் பிடித்தபடி, மறு கையால் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.