தர்ஃபா கைகழுவிய தண்ணீர்

நோஃபாவின் செம்மறிகளுக்கு மடிநோய் வந்தது. பழி தர்ஃபாவின் கண்மேல் விழுந்தது.

ஒன்றா இரண்டா, ஏழு ஆடுகள். மடி கல்லாக வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. அடுத்த மாதம் நோஃபாவின் மகனுக்குக் கல்யாணம். காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து ஊற்றாமல் விருந்துக்கு மன்சஃப் கறிச்சோறு ஏது? "என்னா மடின்னு ஒருத்தி வாயைப் பொளந்தா, அன்னிக்கே போச்சு" என்று நோஃபா கூடாரம் கூடாரமாகச் சொல்லிவைத்தாள். அந்த ஒருத்தி, அவள் புருஷனின் தங்கை தர்ஃபா. தூக்கி வளர்த்த அண்ணன் மகன் கல்யாணத்துக்கு இனி அழைப்பு வராது என்று தர்ஃபாவுக்குத் தெரிந்துவிட்டது.

கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. நோவு கண்டதைக் கடைசியில கறங்க" என்றார். நோஃபா சிரித்துவிட்டாள். கறப்பதற்கு ஆடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றில் கோத்தால் முதல் மரியாதை கிழட்டு ஆடு ரீஷாவுக்குத்தான். முதலில் நோயில் விழுந்தவளும் அவளே. அவள் மடியைப் பிழிந்த கை, பாவாடையில் ஒரு துடைப்போடு அடுத்த மடிக்குப் போகும்.

டாக்டர் போனதும் நோஃபா கிண்ணத்தோடு தர்ஃபாவிடம் வந்தாள். கண் வைத்தவள் கைகழுவிய தண்ணீரைத் தெளித்தால் கண்ணேறு இறங்கிவிடும் அல்லவா.

"கழுவிக் குடு."

தர்ஃபா கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் டாக்டர் சொன்னதைக் கூடாரத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள்.

"தர்றேன் அண்ணி. ஆனா என் கண்ணு லேசுப்பட்டதில்ல. ஒவ்வொரு ஆட்டுக்கும் நடுவுல நீங்களும் சோப்புப் போட்டுக் கழுவணும். இல்லன்னா உங்க கையில ஏறிக்கும்."

"அப்புறம்?"

"நோவு கண்ட ஏழையும் கயித்துக் கடைசியில கட்டிக் கறங்க. அந்தப் பாலைக் குழி தோண்டிக் கொட்டிடுங்க."

"ரீஷா கோவிச்சுக்குவாளே."

"என் பேரைச் சொல்லுங்க."

மூன்று வாரத்தில் புதிதாக ஒரு மடிகூட வீங்கவில்லை. கூடாரத்தின் மேல் தயிர்க்கட்டிகள் வெயிலில் காய்ந்தன. தர்ஃபாவின் வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேன்களோடு நின்றார்கள். கழுவிக் கழுவி அவள் கைத்தோலே உரிந்தது. நோஃபா நேரிலேயே வந்து அழைத்தாள். "கண்டிப்பா வரணும். சட்டிப் பக்கம் மட்டும் பாத்துடாதே."

கல்யாணத்தன்று தர்ஃபாவைப் பட்டுத் திண்டில் உட்கார வைத்தார்கள், துணிச்சுவரைப் பார்த்தபடி. அவள் தலை குனிந்தே இருந்தாள். மாப்பிள்ளை வந்து அவளுக்கும் சுவருக்கும் நடுவே சம்மணம் போட்டான்.

"நல்லா பாரு அத்தை. பயப்படாதே, அம்மா சோப்பும் தண்ணியும் தயாரா வச்சிருக்கா."

தர்ஃபா அவனைக் கண் குளிரப் பார்த்தாள்.