எதன் பொருட்டுப் பெறப்பட்டது

1
அண்ணி கேட்ட கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லாமல் நழுவியதில் பிறந்தது இந்தக் கதை. அண்ணி கணக்காளர். குழந்தைக்காக விட்ட வேலைக்குத் திரும்ப முயல்கிறார். நிறுவனங்களுக்கு ஆள் தேடித்தரும் முகவரோ அவருடைய கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“வேலைக்குக் காசு குடுக்கல தம்பி. ஃபைலைப் பார்க்கறதுக்கு மட்டும் ஏதாவது குடுத்தா, அது லஞ்சமா?”

“யோசிச்சுச் சொல்றேன் அண்ணி.”

“நீ யோசிச்சா கட்டுரையாத்தான் வரும். காலைல நான் அங்க போகணும்.”

2
முதல் தொடக்கம்: ‘ஊழல் என்னும் பெருநோய் இன்று…’ [அடித்தாயிற்று. பிரசங்கம்.]

இரண்டாவது: ‘தொப்பை குலுங்கச் சிரித்த முகவர்…’ [இதுவும் வேண்டாம். கெட்டவனுக்குத் தொப்பை வைப்பது சோம்பேறித்தனம்.]

என் முகவர் ஒல்லியானவர். தம் மேசையைத் தாமே துடைப்பவர். அவருக்குரிய தரகை நிறுவனமே தந்துவிடுகிறது.

3
கதையில் வரும் கணக்காளர் கோப்பின் மேல் ஓர் உறையை வைக்கிறார்.

“ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார். அது போதும்.”

“இதெல்லாம் எதுக்கும்மா?” என்கிறார் முகவர். கை மட்டும் உறையை இழுப்பறைப் பக்கம் நகர்த்துகிறது.

“ரசீது குடுத்துடுங்க சார்.”

[இவ்வரியை நான் திட்டமிடவில்லை. கணக்காளரின் கையைவிட்டுப் பணம் போனால், வாய் தானாகவே அதைக் கேட்கும்.]

“விளையாடுறீங்களா?”

“செலவுக்கு ஒரு தலைப்பு வேணுமே சார். என்னன்னு எழுதுவீங்க?”

‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதலாமா? ஆலோசனை எதுவும் தரப்படவில்லை. ‘பதிவுக் கட்டணம்’? விண்ணப்பிப்பவரிடம் எதுவும் வாங்குவதில்லை என்று நிறுவனத்துக்குக் கையெழுத்திட்டிருக்கிறார். ‘அன்பளிப்பு’ என்றால்,

4
[அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.] சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஓரிடத்தில் குற்றமாவது வேறோரிடத்தில் வரம்புக்குட்பட்ட கட்டணம். அறம் குறித்து எனக்கு ஐயமில்லை: விலைக்கு வாங்கிய பார்வை, உறை வைக்க இயலாத இன்னொருவரின் கோப்பிலிருந்து பிடுங்கப்பட்டது.

[ஓர் இடைக்கேள்வி: உறை வராத நாள்களில் மட்டும் முகவர் யார் கோப்பைப் படித்துக் கிழித்துவிட்டார்?]

5
முடிவு அ: முகவர் வெட்கி, உறையைத் திருப்பித் தருகிறார். [சர்க்கரை கூடிவிட்டது.] முடிவு ஆ: கோப்பையும் உறையையும் சேர்த்தே கணக்காளர் பக்கம் தள்ளிவிடுகிறார். இதைத்தான் காலையில் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

“நானா இருந்தா ரசீது கேட்டிருக்கவே மாட்டேன்” என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.

“ஏன் அண்ணி?”

“கேட்டா ஃபைலும் போயிடும்ல? உனக்கென்ன, இவ சரிப்படலன்னா கதைக்கு வேற ஆளைப் போட்டுக்குவ. எனக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்.”

“அது லஞ்சம்தான் அண்ணி.”

“தெரியும்டா. நீ ‘இல்ல’ன்னு சொல்லிடுவியோன்னுதான் கேட்டேன்.”

கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். உள்ளே உறை இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

ஆகவே, வாசகரே, முகவரின் நாற்காலியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். எதிரில் அண்ணி வந்து உட்கார்ந்துவிட்டார்; கோப்பு மேசைமேல் இருக்கிறது. அவர் கை இன்னும் பைக்குள் போகவில்லை.

படிக்கத் தொடங்குங்கள்.